எருமை வெண்ணெயும் ரூஃப் பீடிங்கும்

எங்கும் நிறைந்தவன் இறைவன் என்கிறோம். தூணிலும் இருப்பான், துரும்பிலும் இருப்பான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அப்படிப்பட்டவனைக் கல் பீடத்தில் நிறுத்திவைக்கக் கொம்பரக்கும் தேன்மெழுகும் எருமை வெண்ணெயும் சேர்த்து இடித்த மருந்து எதற்கு? அந்த மருந்தும் 12 வருடத்தில் காய்ந்து வெடிக்கும், சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகச் சாத்தவேண்டும் என்று மரபே விதித்து வைத்திருப்பது எதற்கு?

“சாமியை ஒட்டவைக்கிற பசைக்கே எக்ஸ்பயரி டேட்டாப்பா?” என்று என் மகள் கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. அவளுடைய மாமனார் ஊர்ச் சிவன் கோயில் கும்பாபிஷேகத்துக்குப் போய்விட்டு வந்திருந்தாள். மண்டபத்தில் மருந்து இடிக்கும்போது இவளும் உலக்கை பிடித்திருக்கிறாள். கை வலியோடு வந்த கேள்வி அது. அவள் கேட்ட நேரத்தில் குத்தம்பாக்கம் வீட்டு ஷெட்டில் எங்கள் அப்பாவின் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் காரின் மேல்கூரை கழற்றப்பட்டு, பழைய மெத்தை ஒன்றின்மேல் மல்லாந்து கிடந்தது. அதன் விளிம்பிலிருந்து கருத்துக் கட்டிப்போன ரப்பர் பீடிங்கை நான் மரச் சீவுளியால் பெயர்த்துக்கொண்டிருந்தேன். வேலைக்காலம் முழுவதையும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ரப்பர் எக்ஸ்ட்ரூஷன் மெஷின் பக்கத்தில் கழித்தவன் நான். திருநீறு பூசாமல் வீட்டை விட்டுக் கிளம்பாதவனும்கூட. அவள் கேட்டதற்கு இந்த இரண்டு வழியிலிருந்தும் பதில் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

முதலில் அந்த வண்டியைப் பற்றி. ஹெரால்டின் கூரை கழலும் என்பதே பலருக்குத் தெரியாது. அது பிறந்த கதை அப்படி. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்ட் கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953-இல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. ஒரே கூடாக பாடி அடித்துத் தர ஆளில்லை. ஆகவே தனி சேஸிஸ் போட்டு, பாடியைத் துண்டு துண்டாக வெவ்வேறு இடங்களில் செய்து, போல்ட் போட்டுப் பூட்டிக்கொள்கிற மாதிரி வண்டியை அமைத்தார்கள். உருவம் வரைந்தவர் ஜியோவன்னி மிக்கெலோட்டி என்கிற இத்தாலியர். 1959-இல் ட்ரையம்ஃப் ஹெரால்ட் என்று அங்கே வந்தது. 1961 முதல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டாக நம் சென்னையில், ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆலையில் செய்தார்கள். நான்கு கதவு ஹெரால்ட் பின்னால் வந்தது. அப்பா ஆவடி டேங்க் ஃபேக்டரியில் இருந்தபோது செகண்ட் ஹேண்டில் வாங்கிய இது 1966 மாடல், இரண்டு கதவு. பானெட்டைத் தூக்கினால் முன் மட்கார்டு இரண்டும் சேர்ந்து முழு மூக்கே முன்பக்கம் கவிழும். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். மழை பெய்தால் உள்ளே தண்ணீர் வரும். பூட்டிய இடமெல்லாம் இணைப்பு, இணைப்பு இருக்கும் இடமெல்லாம் ஒழுக வாய்ப்பு. கூரையின் முன் விளிம்பு கண்ணாடிச் சட்டத்தின்மேல் உட்காருகிற இடத்தில் ஒரு பீடிங், பின் விளிம்பு டெக்கின்மேல் உட்காருகிற இடத்தில் ஒரு பீடிங், கதவுக் கண்ணாடி ஏறி முட்டுகிற இடத்தில் பக்கத்துக்கு ஒன்று. இவை செத்தால் வண்டி நனையும்.

ரப்பர் சாவதை நான் நிறைய பார்த்திருக்கிறேன். மரத்துப் பாலிலிருந்து வருகிற இயற்கை ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் உண்டு. 1839-இல் சார்லஸ் குட்இயர் கந்தகத்தோடு சூடாக்கி ரப்பரைத் திடப்படுத்தியது அந்த இடங்களைப் பிடித்துத்தான். அவை கந்தகத்துக்கு மட்டும் கதவு திறப்பதில்லை. காற்றில் துளியூண்டு இருக்கிற ஓசோனும் அங்கேதான் வந்து வெட்டுகிறது. வளைந்து இறுகிக் கிடக்கிற பீடிங்கில் குறுக்கே மெல்லிய கீறல்கள் விழும். சென்னை வெயில் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ஈ.பி.டி.எம். ரப்பரின் முதுகெலும்பில் அந்த இரட்டைப் பிணைப்பு இல்லை, ஆகையால் ஓசோன் அதை எளிதில் தொடாது. இப்போதைய கார்களின் பீடிங் பெரும்பாலும் அதுதான். அதுவும் சாசுவதம் இல்லை. வருடக்கணக்காக அமுங்கிக் கிடந்தது, அழுத்தம் எடுத்தபிறகும் எழும்பி வராது. காம்ப்ரெஷன் செட் ஆகிவிட்டது என்போம் ஷாப் ஃப்ளோரில். வெளியே பார்த்தால் கீறல்கூட இருக்காது. உள்ளே மீளும் குணம் போயிருக்கும்.

இனி மருந்து. கொம்பரக்கு, சுக்கான் தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்று எட்டு. இந்தப் பட்டியலை நான் காம்பவுண்ட் ஷீட் படிக்கிற கண்ணோடுதான் படிக்கிறேன். அரக்கும் குங்கிலியமும் பிடிப்புக்கு. சுக்கானும் காவியும் உடம்புக்கு, நாங்கள் ஃபில்லர் போடுவது போல. பஞ்சு நார்ப் பிடிப்புக்கு. மெழுகும் வெண்ணெயும் இளக்கத்துக்கு. எந்த ஆலையிலும் படிக்காத ஒருவர், எந்தக் காலத்திலோ, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே எது வேலை செய்யும் என்று கையால் கண்டுபிடித்து எழுதிய ஃபார்முலா அது. இளக்கம் தருகிற பொருள் காலப்போக்கில் வற்றுகிறது, மருந்து கட்டியாகிறது. எங்கள் பீடிங்கில் நடப்பதும் இதற்குப் பக்கத்தில்தான்.

மகள் சொன்ன விவரம் இன்னும் அழகு. கல்லின்மேல் போட்டு இடிக்க இடிக்க முதலில் பொடியாய் உதிர்கிறதாம், வெண்ணெய் சேரச் சேர ஒருநேரத்தில் திடீரென்று சூடேறி, உலக்கையோடு ஒட்டி எழும்பி வருகிறதாம். எங்கள் மிக்ஸிங் மில்லில் ரோலர் மேல் ரப்பர் முதலில் துண்டு துண்டாக விழுந்து, பிறகு ஒரு தகடாகப் பற்றிக்கொள்ளும் நொடியைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பதம் வந்ததும் திரியாக உருட்டிக் கொடுக்க, சிவாச்சாரியார் அதைக் கருவறைக்குள் கொண்டுபோய் லிங்கத்துக்கும் ஆவுடையாருக்கும் நடுவே வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே சுற்றி வருகிறார். தினமும் பாலும் தயிரும் எண்ணெயும் தண்ணீரும் அபிஷேகமாக இறங்குகிற இடம் அது. அடியில் யந்திரத் தகடு இருக்கிறது. ஈரம் இறங்கக்கூடாது, சிலை அசையக்கூடாது. மருந்துக்கு இந்த இரண்டு வேலையும் உண்டு. இடிப்பதற்கு ஊரே கைகொடுக்கலாம் என்பது எனக்குப் பெரிய சங்கதியாகப் படுகிறது. கருவறைக்குள் போகாத கைகளின் சூடும் அந்த மருந்தில் போகிறது.

இந்த நேரத்தில்தான் டிங்கர் வேலைக்கு வந்த தம்பி குறுக்கே ஒரு யோசனை சொன்னான். பட்டாபிராம் பையன், நல்ல கைக்காரன். “எதுக்கு சார் பீடிங்கைத் தேடி ஜி.பி. ரோடு, புதுப்பேட்டைன்னு அலையணும்? சிலிக்கான் ட்யூப் நாலு வாங்கியாங்க. சுத்தி அடிச்சு ரூஃபை உக்கார வெச்சுட்டா லைஃப் லாங் சார். பர்மனென்ட்டு.”

அவன்மேல் தப்பில்லை. வாடிக்கையாளர் எல்லாரும் கேட்பது அதைத்தான். ஆனால் அந்த பர்மனென்ட்டுக்குள் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். கடையில் மலிவாகக் கிடைக்கிற சிலிக்கான் காயும்போது புளித்த காடி வாடை வரும். அது அசெட்டிக் அமிலம், இரும்புக்கு ஆகாது. அதைவிட மோசம், அது இறுகப் பிடித்துக்கொண்ட பிறகு எங்கேயாவது ஒரு ஊசிமுனை இடத்தில் பிடி விடும். அங்கே உள்ளே போகிற தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் தகட்டோடு உட்கார்ந்து தின்னும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கூரையைக் கழற்றிப் பார்க்கலாம் என்றால் தகடே கிழியும். பழைய கோயில்களின் மேல்தளத்தில் கடுக்காயும் வெல்லமும் போட்ட சுண்ணாம்புக் காரைக்குப் பதில் சிமென்ட் பூசியபோதும் இதே கதைதான். சுண்ணாம்பு மூச்சு விடும், தேயும், மறுபடி பூசச் சொல்லும். சிமென்ட் வெடிக்கும், வெடித்த இடத்தில் இறங்கிய ஈரத்தை வெளியே விடாது.

ஆக என் கட்சி இது. இரண்டு கெட்டியான பொருள்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நெடுங்காலம் இருக்கவேண்டும் என்றால், நடுவே அவற்றைவிட மெத்தென்ற ஒன்று இருக்கவேண்டும். அது அழியத்தான் செய்யும். அதை மறுபடி வைக்க ஒருவர் வரவேண்டும். இந்தக் கடைசிப் பகுதிதான் எல்லாவற்றிலும் முக்கியம் என்று நினைக்கிறேன். 12 வருடம் என்ற கெடு இறைவனுடைய பலவீனத்துக்குப் போட்ட கெடு என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. நமக்குப் போட்டது. பாலாலயம் செய்து, கும்பத்தில் எழுந்தருளச் செய்து, பழைய மருந்தைச் சுரண்டி, கல்லைத் துடைத்து, ஊர் கூடி இடித்துச் சாத்தினால்தான் ஒரு தலைமுறைக்கு அடுத்த தலைமுறை அந்தச் சன்னதியின் மூட்டு எங்கே இருக்கிறது என்றாவது தெரிந்துகொள்ளும். அழியாத மருந்து ஒன்றைச் சாத்தியிருந்தால் அந்த இடத்தை யாரும் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்கள். சில கோயில்களில் பொன்னால் செய்யும் சுவர்ணபந்தனம் உண்டே, அது வெகுகாலம் தாங்குமே என்று மகள் கேட்டாள். உண்மைதான். அங்கேயும் தேர்ந்தது பொன்னை. உலோகங்களில் கையால் தட்டினாலே படிகிற ரகம் அது.

இதற்கு மேல் பெரியவர்கள் வாதிட்ட இடம் ஒன்று இருக்கிறது. உண்மையில் இரண்டு பொருளே இல்லை, இருப்பது ஒன்றுதான், மூட்டு என்று நீ பார்ப்பதே மயக்கம் என்று அத்வைதி சொல்வார். அவர் சொல்வது உயர்ந்த நிலை. மறுக்க எனக்குத் தகுதியில்லை. ஆனால் நான் வளர்ந்த வழி மெய்கண்டாருடைய சைவ சித்தாந்தம். 13-ஆம் நூற்றாண்டில் அவர் பன்னிரண்டே சூத்திரங்களில் சிவஞான போதம் செய்தார். அந்த வழியில் இறைவன் உயிர்களோடு ஒன்றாய், வேறாய், உடனாய் இருக்கிறான். மூன்றும் ஒரே சமயத்தில். முத்தியிலும் உயிர் கரைந்து காணாமல் போவதில்லை, பிரியாமல் நிற்கிறது. எனக்கு இது ஏட்டில் புரிந்ததைவிட மெஷின் பக்கத்தில் அதிகம் புரிந்தது. வெல்டிங் செய்த கூரை பாடியோடு ஒன்றாகிவிட்டது. பூட்டாத கூரை வேறாகக் கிடக்கிறது. பீடிங் வைத்துப் பூட்டிய கூரை வேறாகவும் இருக்கிறது, ஒன்றாகவும் ஓடுகிறது. மேட்டில் ஏறி சேஸிஸ் முறுக்கும்போது அந்த முறுக்கை வாங்கிக்கொண்டு உடனிருக்கிறது.

சைவக்காரன் ஆழ்வாரைப் பேசக்கூடாது என்று சட்டமில்லை. எங்கள் ஊருக்கு அடுத்து இருக்கிற திருமழிசைதான் திருமழிசையாழ்வார் அவதரித்த தலம். அவருடைய கதை இந்தப் பக்கத்துக் குழந்தைகளுக்கெல்லாம் தெரியும். ஆழ்வாரின் சீடர் கணிகண்ணன் தன்னைப் பாட மறுத்தார் என்று பல்லவ அரசன் அவரைக் காஞ்சியை விட்டுப் போகச் சொன்னான். சீடரோடு ஆழ்வாரும் கிளம்பினார். கிளம்பும்போது திருவெஃகாவில் பள்ளிகொண்ட பெருமாளையும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வரச் சொன்னார். பெருமாள் எழுந்து சுருட்டிக்கொண்டு பின்னால் போனார். ஓர் இரவு ஓரிக்கையில் தங்கினார்கள். அங்கே காஞ்சி இருண்டது, அரசன் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டான். மூவரும் திரும்பினார்கள், பெருமாள் மறுபடி படுத்தார். சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்று இன்றைக்கும் அவருக்குப் பெயர்.

மகளின் கேள்விக்கு நான் கண்ட பதில் இந்தக் கதையில் இருக்கிறது. எழுந்து போக முடிந்தவன்தான் அங்கே படுத்திருக்கிறான். மருந்து அவனைச் சிறைபிடிக்கவில்லை. சிறைபிடிக்க நினைத்திருந்தால் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியிருப்பார்கள், அந்த வித்தை நம் ஸ்தபதிகளுக்குத் தெரியாததா? சுரண்டினால் வந்துவிடுகிற, வெண்ணெயில் இளகுகிற ஒன்றைக்கொண்டு நிறுத்தியிருக்கிறார்கள். போகக்கூடியவன் நம்மோடு இருக்கிறான் என்பதைத்தான் நான் அருள் என்று புரிந்துகொள்கிறேன். போகமுடியாதபடி கட்டிவைத்தால் அங்கே அருளுக்கு என்ன வேலை? மனிதர்களுக்குள்ளும் இதுவே. கல்யாணமானாலும் சரி, நட்பானாலும் சரி, இனி விலகமுடியாது என்ற தைரியத்தில் கவனிப்பை விட்ட இடத்தில்தான் துருப் பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஊருக்குள்ளேயே இதற்கு ஒரு சாட்சி உண்டு. 1996-இல் எங்கள் ஊராட்சித் தலைவராக வந்த இளங்கோ ரங்கசாமி, சமத்துவபுரத்தை இங்கே இரட்டை வீடுகளாகக் கட்டினார். ஒரு பாதியில் தலித் குடும்பம், மறுபாதியில் வேறு சாதிக் குடும்பம், நடுவே இருவருக்கும் பொதுவாக ஒரே சுவர். சேரியும் ஊரும் என்று எத்தனை நூற்றாண்டாக இறுகிக் கிடந்த இரண்டை ஒரு சுவரில் கொண்டுவந்து பொருத்திய காரியம். சுவர் கட்டியதோடு அது முடிந்ததாக நான் நினைக்கவில்லை. இந்தப் பக்கம் குழம்பு தாளிக்கிற வாசம் அந்தப் பக்கம் போவதும், அந்தப் பக்கத்துக் குழந்தை அழுதால் இந்தப் பக்கத்துப் பாட்டி எழுந்து போவதும்தான் அங்கே சாத்துகிற மருந்து. ஒரு தலைமுறை சாத்தினால் அடுத்த தலைமுறைக்குத் தானாகப் பிடித்திருக்கும் என்று எண்ணக்கூடாது. அவர்களும் இடிக்கவேண்டும். சட்டத்தால் ஒட்டவேண்டியதை ஒட்டியாக வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. அதற்கு மேல் மெத்தென்ற ஒன்றும் வேண்டியிருக்கிறது.

தம்பியை நான் சமாதானப்படுத்திய வழி வேலைதான். விளிம்பிலிருந்த பழைய சொல்யூஷனைப் பெட்ரோல் துணியால் துடைத்தோம், துரு தெரிந்த இடத்தில் உப்புத்தாள் போட்டு ரெட் ஆக்ஸைடு அடித்தோம். முன்பக்கத்துக்கும் கதவு ஓரங்களுக்கும் பழைய பீடிங்கின் குறுக்குவெட்டை அளந்து, பழைய நண்பர் ஒருவரின் யூனிட்டில் டை வெட்டி, ஈ.பி.டி.எம்.மில் ஓட்டி வாங்கி வந்திருந்தேன். அவன் அதைக் கையில் எடுத்ததும் ஒரு முனையை அழுத்திக்கொண்டு மறுமுனையை இழுத்துப் பிடித்தான். எல்லாரும் செய்வது அது. இழுத்து ஒட்டினால் அன்றைக்கு நேராக, அழகாக இருக்கும். ரப்பர் மெல்லத் தன் நீளத்துக்குத் திரும்பும்போது மூலையில் வாய் பிளக்கும். “இழுக்காதே தம்பி, தள்ளு” என்றேன். தேவைக்குக் கொஞ்சம் கூடுதலாக வெட்டி, சோப்புத் தண்ணீர் தொட்டு, நடுவிலிருந்து இருபக்கமும் நெருக்கி நெருக்கித் தள்ளிவிட வேண்டும். நீளத்தில் அந்தக் கொஞ்சம் தாராளம் இருந்தால்தான் மூலை கெட்டியாக நிற்கும். மூட்டை மழை முகத்தில் அடிக்கிற முன்பக்கத்தில் வைக்காமல், முடிந்தவரை பின்னால் தள்ளி, சாய்வாக வெட்டி ஒட்டினோம்.

நாலு பேராகக் கூரையைத் தூக்கி இறக்கினோம். போல்ட்டுகளை ஒரே மூச்சில் முறுக்கவில்லை. இந்தப் பக்கம் ஒரு சுற்று, அந்தப் பக்கம் ஒரு சுற்று. பீடிங் தன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு அமுங்கினால் போதும். அதற்கு மேல் முறுக்கினால் இன்னும் பத்திரம் என்று கை சொல்லும், அதைக் கேட்கக்கூடாது. நசுங்கிய ரப்பர் சீக்கிரம் செட் ஆகும். மூட்டில் ஒரு செய்தித்தாள் துண்டை வைத்து இழுத்துப் பார்த்தோம். வரக்கூடாது என்றில்லை, முனகிக்கொண்டு வரவேண்டும். இரவு முழுக்க விட்டுவிட்டுக் காலையில் இன்னொரு கால் சுற்று. பிறகு மகள் உள்ளே டார்ச்சோடு உட்கார, தம்பி மேலே ஹோஸ் பிடித்தான். முன் விளிம்பில் ஒரு சொட்டு இல்லை. அவன் சிலிக்கான் பேச்சை அதோடு விட்டான்.

மகள் அடுத்துக் கேட்டது நடைமுறைக் கேள்வி. “இதே பீடிங் இன்னும் ரெண்டு செட் ஓட்டி வாங்கி வெச்சுடலாமேப்பா, அடுத்த தடவைக்கு?” வைக்க முடியாது. ரப்பர் வண்டியில் மட்டும் வயதாவதில்லை, அலமாரியிலும் ஆகும். மருந்தையும் இடித்துப் பானையில் போட்டு அடுத்த கும்பாபிஷேகத்துக்கு வைத்துக்கொள்ள முடியாது, வைத்துக்கொண்டவர்களும் இல்லை. எட்டுப் பொருளின் பெயரையும் இடிக்கிற முறையையும்தான் கைமாற்றினார்கள். எங்களிடம் அதற்கு ஈடானது டை. உள்ளங்கை அகல இரும்புத் தகட்டில் அந்தப் பீடிங்கின் உருவம் ஓட்டையாக வெட்டப்பட்டிருக்கிறது. எண்ணெய் தடவித் துணியில் சுற்றி அவளிடம் கொடுத்திருக்கிறேன். கூடவே ஒரு தாளில் காம்பவுண்ட், ஷோர் கடினம், வெட்டவேண்டிய நீளம், மூட்டு எந்தப் பக்கம் வரவேண்டும் என்பதெல்லாம் எழுதியாயிற்று. இழுக்காதே, தள்ளு என்பதையும் எழுதினேன்.

பின் டெக் பீடிங்குக்கு மட்டும் இன்னும் டை வெட்டவில்லை. பழைய துண்டு சுருங்கிப்போனதால் அளவை நம்ப முடியாது. இப்போதைக்கு ஜி.பி. ரோட்டில் கிடைத்த ஸ்பாஞ்ச் பீடிங்கை வைத்திருக்கிறோம், ஐப்பசி மழையை அது தாங்கும். இன்னொரு பழைய ஹெரால்ட் வைத்திருக்கிற ஒருவரிடம் அளவெடுக்க அனுமதி கேட்டிருக்கிறேன். மகள்தான் கேலிப்பர் கொண்டு போகிறாள்.